தரையில உக்கார ஒரு ஆள்

என் மேசை டிராயர்ல ஒரு போர்டு புக் இருக்கு. கெட்டி அட்டை, பன்னெண்டே பக்கம், கைக்குழந்தைங்களுக்கானது. வலது பக்கம் கீழ் மூலையில பல்லு பதிஞ்சிருக்கு, முழுசா முளைச்சுக்கூட முடியாத ரெண்டு முன்பல்லு, அந்த இடத்துல அட்டை ஊறிப்போய் அடுக்கடுக்கா பிரிஞ்சு நிக்குது. நான் வேலை பாக்கற லைப்ரரியோட கணக்குப் பிரிவுல இதை "சேதம்"னு எழுதச் சொன்னாங்க, நான் "தேய்மானம்"னு எழுதினேன். அந்த ஒரு வார்த்தைக்கு அரைமணி நேரம் பேச்சு. சேதம்னா அந்தக் குழந்தையோட அம்மா பணம் கட்டணும், தேய்மானம்னா லைப்ரரி தன் செலவா ஏத்துக்கும், அவ்ளோதான் வித்தியாசம். ஆனா பணம் கட்டச் சொல்லி ஒரு தடவை சொல்லிட்டா அந்த அம்மா மறுபடி வாசப்படி ஏற மாட்டாங்க, இது எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா அப்படி வராமப் போனவங்களை நான் பாத்திருக்கேன்.

எட்டு மாசக் குழந்தை புத்தகத்தை வாயில வெக்குதுன்னா அது புத்தகத்தைத் தெரிஞ்சுக்குது. அந்த வயசுல எல்லாத்தையும் வாயாலதான் தெரிஞ்சுக்கும். வாயில வெச்சுப் பாக்கும், தட்டிப் பாக்கும், தலைகீழா பிடிக்கும், அப்புறம் ஒருநாள் பக்கத்தைத் திருப்பும். அந்தத் திருப்பல் வர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு புத்தகம் இந்த மாதிரி ஆகத்தான் செய்யும். அமெரிக்க நூலகச் சங்கம் 2019ல, தாமதக் கட்டணம் வாங்குறது ஏழைங்களைத்தான் லைப்ரரிய விட்டுத் துரத்துதுங்கற பொருள்ல ஒரு தீர்மானம் போட்டுச்சு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறைய லைப்ரரிங்க அந்தக் கட்டணத்தையே எடுத்துட்டாங்க. குழந்தைப் புத்தகத்துக்கு வாங்குற சேதக் கட்டணத்தையும் நான் அந்தக் கணக்குலதான் சேப்பேன்.

நான் பொது நூலகத்துல குழந்தைங்க பிரிவுல பதினோரு வருஷமா இருக்கேன், அதுல பெரும்பகுதி அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கறவங்களோடதான். இதைச் சொன்னதும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "அவ்ளோ சின்னப் பசங்களுக்கு எழுத்து சொல்லித் தர்றீங்களா?" இல்ல. எழுத்து சொல்லித் தர்றது பள்ளிக்கூடத்து வேலை. நாங்க செய்யறது அதுக்கு முந்தினது. ஒரு குழந்தை முதல் எழுத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு நிறைய வார்த்தை காதுல விழுந்திருக்கணும், ஒரு வார்த்தையைத் துண்டு துண்டா பிரிக்கலாம்னு காது உணர்ந்திருக்கணும், கதைன்னா முதல்ல ஒண்ணு நடக்கும் அப்புறம் இன்னொண்ணு நடக்கும்னு புரிஞ்சிருக்கணும், பேப்பர்ல இருக்கற அந்தக் கறுப்புக் கோடுங்கதான் வாயில வர்ற பேச்சா மாறுதுன்னு லேசா ஒரு சந்தேகமாவது வந்திருக்கணும், இதுக்கெல்லாம் மேல புத்தகம்னா பிடிச்சிருக்கணும். கைதட்டிக்கிட்டே "கு-ரங்-கு"ன்னு மூணா உடைச்சுப் பாடறோமே, வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு அது விளையாட்டு, ஆனா பின்னாடி எழுத்தைக் கூட்டிப் படிக்கறப்போ அந்தக் குழந்தைக்குக் கை குடுக்கப் போறது இந்த மூணு தட்டுதான்.

இந்த யோசனையை லைப்ரரிங்களுக்கு ஒழுங்கா வகுத்துக் குடுத்தது அமெரிக்காவுல 2004ல வெளியான 'எவ்ரி சைல்ட் ரெடி டு ரீட்'ங்கற திட்டம். அங்க இருக்கற பொது நூலகச் சங்கமும் குழந்தைகள் நூலகச் சேவைச் சங்கமும் சேர்ந்து கொண்டு வந்தது. முதல் பதிப்புல ஆறு திறன்னு பிரிச்சிருந்தாங்க, அதை அம்மா அப்பாக்கள்கிட்ட விளக்கறது பெரிய பாடா இருந்துச்சு, ஒலியுணர்வு, அதாவது வார்த்தைக்குள்ள இருக்கற சத்தத்தைக் காது பிரிச்சுக் கேக்கறதுன்னு ஆரம்பிச்சாலே முகம் மாறிடும். 2011ல வந்த ரெண்டாம் பதிப்புல அதையே அஞ்சு காரியமா மாத்திட்டாங்க: பேசறது, பாடறது, படிக்கறது, எழுதறது, விளையாடறது. என்னைக் கேட்டா அந்தத் திட்டத்துலயே நல்ல காரியம் இந்த மாத்தம்தான், ஏன்னா அஞ்சும் வீட்டுல யார் வேணா செய்யக்கூடியது. அதோட இன்னொரு விஷயமும் வெளிப்படையா வந்துருச்சு. நாம சொல்லித் தர்றது குழந்தைக்கு இல்ல, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற பெரியவங்களுக்கு. வாரத்துல அரைமணி நேரம் எங்ககிட்ட இருக்கற குழந்தை மீதி நேரம் முழுக்க அவங்களோடதானே இருக்கு.

எங்க கதை நேரம் இருபத்தஞ்சு நிமிஷம். ரெண்டு வயசுக்குக் கீழன்னா அதுக்கு மேல இழுக்கக்கூடாது. எப்பவும் ஒரே வரவேற்புப் பாட்டு, அதுல ஒவ்வொரு குழந்தை பேரும் வரும், தன் பேர் வர்றப்போ அந்த முகம் ஆகறதைப் பாக்கணும், மூணாவது வாரம் பேர் வர்றதுக்கு முன்னாடியே தயாரா உக்காந்திருக்கும். ரெண்டு புத்தகம் போதும், பல நாள் ஒரே புத்தகத்தை ரெண்டு தடவை படிப்பேன், முதல் தடவை கேப்பாங்க, ரெண்டாவது தடவை சேர்ந்து சத்தம் குடுப்பாங்க. நடுவுல பெரியவங்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுவேன், ஒண்ணுக்கு மேல சொன்னா எதுவும் நிக்காது. "இப்ப கேள்வி கேட்டுட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் பாத்தீங்களா, குழந்தைக்கு யோசிச்சு வாயைத் திறக்க நேரம் வேணும், நாமளே பதிலைச் சொல்லிடறோம்" அப்படின்னு. அவ்ளோதான், உடனே அடுத்த பாட்டு.

அது முடிஞ்சதும் அரைமணி நேரம் பொம்மையெல்லாம் கொட்டி விட்டுருவோம். வெளியில இருந்து பாத்தா நிகழ்ச்சி முடிஞ்ச மாதிரி இருக்கும். உண்மையில அங்கதான் பாதி வேலை. ஒரு அம்மா இன்னொரு அம்மாகிட்ட "உங்க பையன் பேச ஆரம்பிச்சுட்டானா, என் பொண்ணு இன்னும் பேசல"ன்னு சொல்றது அப்பத்தான், நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு "ஒருதடவை காது செக் பண்ணிப் பாத்தீங்களா"ன்னு மெதுவா கேக்கறதும் அப்பத்தான். அந்த ரூம் வேற யாருக்காவது வேணும்னா முதல்ல வெட்டுப்படறது இந்த அரைமணி நேரம்தான், நான் ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டிருக்கேன்.

ஒரு அம்மாவைப் பத்திச் சொல்லணும். ரெண்டரை வயசுப் பையனோட வருவாங்க, அவனை உள்ள அனுப்பிட்டு அவங்க கதவோரமாவே நிப்பாங்க. நாலு வாரம் அப்படியே. அஞ்சாவது வாரம் புத்தகம் எடுத்துட்டுப் போங்கன்னு நீட்டினேன், "எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா"ன்னு காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க. நான் எழுத்தே இல்லாத ஒரு படப்புத்தகத்தை எடுத்துக் குடுத்தேன். ஒரு பூனை, திரைச்சீலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், வால் மட்டும் வெளிய தெரியும். "இதுல படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா, எனக்கும் இதுல படம்தான், படத்தைப் பாத்துப் பேசுங்க, உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான் கதை"ன்னு சொன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சுப் புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க வந்தாங்க, பையன் விடமாட்டேன்னு இழுக்கறான். சரி இங்கயே ஒருதடவை சொல்லுங்கன்னேன். தயங்கித் தயங்கி ஆரம்பிச்சாங்க, பூனை எலியைப் பிடிக்கறதுக்காக ஒளிஞ்சிருக்குன்னு. பையன் உடனே நிறுத்திட்டான். "இல்லம்மா, எலி இல்ல, பூனை அழுதுச்சு. அதான் ஒளிஞ்சுக்கிச்சு." "ஏன்டா அழுதுச்சு?" "அவங்கம்மா கடைக்குப் போயிட்டா." நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருக்கேன். முந்தின வாரம் சொன்ன கதையை ஞாபகம் வெச்சிருக்கான், இப்ப மாறிடுச்சுன்னு கண்டுபிடிக்கறான், காரணம் சொல்றான், அந்தக் காரணத்துக்குப் பின்னாடி இன்னொரு காரணம் சொல்றான். பள்ளிக்கூடத்துல பின்னாடி கதையைப் புரிஞ்சு படிக்கறதுன்னு சொல்லப் போறாங்களே, அதுக்கு வேண்டிய எல்லாம் அந்த நாலு வாக்கியத்துல இருந்துச்சு, இதுல ஒரு எழுத்துகூட இல்ல. அந்த அம்மா அடுத்த வாரம் கதவோரம் நிக்கல, உள்ள வந்து உக்காந்தாங்க.

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. குரோவர் வொய்ட்ஹர்ஸ்ட்ங்கற உளவியலாளரும் அவரோட குழுவும் 1988ல வெளியிட்டது. 21 மாசத்துல இருந்து 35 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களோட பெற்றோர்ல ஒரு பாதிப் பேருக்கு எப்படிப் படிக்கணும்னு கொஞ்சம் பயிற்சி குடுத்தாங்க: ஆமா இல்லன்னு முடியற கேள்வியா இல்லாம "இது என்ன பண்ணுது"ன்னு கேக்கறது, குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்றது. ஒரே மாசம். மத்தப் பாதிப் பேரும் வீட்டுல புத்தகம் படிச்சவங்கதான், ஆனா வழக்கம் போல. மாசக் கடைசியில பேச்சுத்திறன் சோதனையில பயிற்சி எடுத்தவங்க குழந்தைங்க பல மாச வளர்ச்சி அளவுக்கு முன்னாடி இருந்தாங்க. படிச்சுக் காட்டினா மட்டும் போதாது, குழந்தையைப் பேச விட்டுப் படிக்கணும்ங்கறது அப்ப இருந்து பல இடத்துல பல தடவை சோதிச்சுப் பாத்த விஷயம். இதைப் பெற்றோருக்குச் சொல்லித்தர பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். செஞ்சு காட்ட, வாராவாரம் அதே இடத்துல அதே நேரத்துல தரையில உக்கார, ஒரு ஆள் வேணும்.

பணம்னு வந்தா இந்த ஆளுக்குத்தான் கிடைக்காது.

சில வருஷம் முன்னாடி ஒரு அறக்கட்டளை எங்களுக்கு ஒரு வருஷ நிதி குடுத்துச்சு. நல்ல மனசோடதான் குடுத்தாங்க, நல்ல தொகை. ஒரே நிபந்தனை, சம்பளத்துக்குச் செலவு பண்ணக்கூடாது, பொருளா வாங்கணும், அதுல அவங்க பேர் ஒட்டணும். நாங்களும் சந்தோஷமா வாங்கினோம். தாழ்வான அலமாரி, பெரிய கம்பளம், ஒரு குட்டி மேடை, பதினாலு கைப்பொம்மை. திறப்பு விழா நடந்துச்சு, போட்டோ எடுத்தாங்க. அதே வருஷம் கடைசியில என்னோட சேர்ந்து கதை நேரம் நடத்தின பகுதிநேர ஊழியரோட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு, புதுப்பிக்க பட்ஜெட்ல இடமில்லைன்னுட்டாங்க, என்னையும் ஆள் பத்தலைன்னு முன் கவுன்ட்டருக்கு மாத்தினாங்க. ஏழு மாசம் கதை நேரமே நடக்கல. பதினாலு பொம்மையும் பீரோவுக்குள்ள பூட்டி இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலையில பத்தரைக்கு அடுத்த ரெண்டு மாசம் வரைக்கும் யாராவது குழந்தையோட வந்துட்டே இருந்தாங்க, நான் கவுன்ட்டர்ல இருந்தபடி "இன்னிக்கு இல்லைங்க"ன்னு சொல்லுவேன், அப்புறம் வர்றதும் நின்னு போச்சு. மறுபடி ஆரம்பிச்சப்போ இருபத்திரண்டு பேர் வந்துட்டு இருந்த இடத்துல அஞ்சு பேர் வந்தாங்க. முன்னாடி இருந்த கூட்டத்தைத் திரும்பக் கொண்டு வர்றதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் குழந்தைங்க அதே குழந்தைங்க இல்ல, பழைய குழந்தைங்களுக்கு வயசு தாண்டிப்போச்சு. ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஏழு மாசங்கறது அது வாழ்ந்த காலத்துல கால்வாசிக்கு மேல.

இது எங்க கதை மட்டும் இல்ல. பிரிட்டன்ல கைக்குழந்தைங்களுக்குப் புத்தகப் பை குடுக்கற புக்ஸ்டார்ட்னு ஒரு திட்டம், 1992ல பர்மிங்காம்ல 300 குழந்தைங்களோட ஆரம்பிச்சது. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா புத்தகப் பையைத் தபால்ல அனுப்பல, குழந்தையைப் பரிசோதிக்கற சுகாதாரப் பணியாளர் கையால குடுத்தாங்க, ஏற்கெனவே அந்தத் தாய்க்குத் தெரிஞ்ச, நம்பற ஒரு ஆள். லைப்ரரியும் சுகாதாரத் துறையும் பல்கலைக்கழகமும் கைகோத்த வேலை அது. பின்னாடி நாடு முழுக்கப் பரவுச்சு. அவ்ளோ பேர் வாங்கின திட்டத்துக்கே 2010 டிசம்பர்ல, இங்கிலாந்துக்கான அரசு நிதியை முழுசா நிறுத்தப் போறதா தகவல் வந்துச்சு. எழுத்தாளர்களும் பெற்றோர்களும் கொதிச்சு எழுந்ததுல சில நாள்லயே அரசு பின்வாங்குச்சு, ஆனாலும் நிதி பழைய அளவுக்கு வரல. அமெரிக்காவுல லைப்ரரிங்களுக்கு மத்திய அரசு பணம் 1996ல வந்த ஒரு சட்டத்தின் கீழ அருங்காட்சியக நூலகச் சேவை நிறுவனம் வழியா மாநிலங்களுக்குப் போகுது, 2025 மார்ச்ல அந்த நிறுவனத்தையே சட்டம் அனுமதிக்கற குறைஞ்சபட்ச அளவுக்குச் சுருக்கச் சொல்லி அதிபர் உத்தரவு போட்டார், அதுக்கப்புறம் ஒரே குழப்பம், வழக்கு. அந்தச் சட்டத்துலயே ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கு: 66 சதவீதம் மத்திய அரசு, மீதி 34 சதவீதத்தை மாநிலம் தன் பங்கா காட்டணும். சொந்தப் பணம் போட்டவங்களுக்குத்தான் அந்தத் திட்டத்தை விட மனசு வராது.

இதெல்லாம் பாத்து நான் இப்ப ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். ஆளோட சம்பளம் லைப்ரரியோட சொந்த பட்ஜெட்ல இருக்கணும், அதுக்கு எவ்ளோ வருஷம் கெஞ்ச வேண்டியிருந்தாலும் சரி. கிராண்ட், அதாவது அறக்கட்டளை மாதிரி வெளியில இருந்து கொஞ்ச காலத்துக்கு வர்ற நிதி, புதுசா ஒண்ணைச் செஞ்சு பாக்கறதுக்கு, முடிஞ்சா முடிஞ்சதுன்னு விடக்கூடியதுக்கு. உதாரணமா தடுப்பூசி போடற இடத்துல காத்திருக்கறவங்களோட ஆறு மாசம் கதை நேரம் நடத்திப் பாத்தோம், அதுக்கு கிராண்ட் சரி. லைப்ரரி நண்பர்கள் குழுவோ பக்கத்துல இருக்கற வியாபாரிங்களோ குடுக்கற நன்கொடை, கடிபட்ட புத்தகத்துக்குப் பதில் புதுசு வாங்க, பாட்டு அச்சடிச்ச தாள் குடுக்க. இந்த மூணும் இடம் மாறினா பீரோவுல பொம்மைதான் மிஞ்சும்.

சம்பளம் கேக்கறப்போ நேரக் கணக்கை வெளிப்படையா போடணும். இருபத்தஞ்சு நிமிஷ நிகழ்ச்சிக்கு எனக்கு நாலு மணி நேரம் ஆகுது. புத்தகம் தேர்ந்தெடுக்கறது, சத்தமா படிச்சுப் பழகறது, ரூமைத் தயார் பண்றது, வராதவங்களுக்கு ஒரு போன், எல்லாம் முடிஞ்சு எச்சில் பட்ட பொம்மையைக் கழுவித் துடைச்சு வெக்கறது. இதைக் கணக்குல காட்டாம "இதுக்கென்ன, சும்மா பாடறதுதானே"ன்னு தன்னார்வலர்கிட்ட ஒப்படைச்ச இடங்களைப் பாத்திருக்கேன். தன்னார்வலர்கள் தங்கமானவங்க, எனக்கும் மூணு பேர் இருக்காங்க, ஆனா அவங்களுக்கு வீட்டுல ஒரு அவசரம்னா அன்னிக்கு நிகழ்ச்சி இல்ல, அவங்க மேல குத்தமும் சொல்ல முடியாது.

அடுத்தது எண்ணிக்கை. நிதி குடுக்கறவங்க தலையை எண்ணித்தான் கேப்பாங்க, எத்தனை பேர் வந்தாங்கன்னு. இருபது பேர் வந்தாங்கங்கறது எங்களோட உழைப்பைச் சொல்லும், வீட்டுல என்ன மாறுச்சுன்னு சொல்லாது. அமெரிக்கப் பொது நூலகச் சங்கம் 2015ல 'ப்ராஜெக்ட் அவுட்கம்'னு ஒரு எளிமையான கருத்துக்கேட்பு முறை கொண்டு வந்தாங்க, புதுசா தெரிஞ்சுக்கிட்டீங்களா, நம்பிக்கை கூடிச்சா, வீட்டுல செய்யப் போறீங்களா, லைப்ரரியில என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சுதான்னு நாலே விஷயம். நான் அதையும் சுருக்கி, எழுதத் தெரியாதவங்களுக்காக வாயால கேக்கறேன்: "போன வாரம் வீட்டுல இதுல எதையாவது செஞ்சீங்களா? குழந்தை என்ன பண்ணுச்சு?" பதிலை அவங்க சொன்ன வார்த்தையிலயே நோட்டுல எழுதிக்கறேன். ரிப்போர்ட்ல அட்டெண்டன்ஸ் பட்டியலுக்குப் பக்கத்துல அந்த வரிங்களை அப்படியே போடறேன், பேர் இல்லாம.

ஒரு எண்ணை மட்டும் நான் விட்டுட்டேன். முன்னாடி எந்த நிதி விண்ணப்பத்தைப் பாத்தாலும் முதல் பக்கத்துல "மூணு கோடி வார்த்தை இடைவெளி" இருக்கும், ஏழை வீட்டுக் குழந்தை நாலு வயசுக்குள்ள வசதியான வீட்டுக் குழந்தையை விட மூணு கோடி வார்த்தை கம்மியா கேக்குதுன்னு. நானும் எழுதியிருக்கேன். அது 1995ல ஹார்ட், ரிஸ்லிங்கற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்னது, வெறும் 42 குடும்பங்களைப் பாத்துச் சொன்னது. 2018ல ஸ்பெர்ரியும் மத்தவங்களும் செஞ்ச ஆய்வுல, வேற வேற சமூகத்துல போய்ப் பாத்து, அதுவும் அம்மா பேச்சு மட்டும் இல்லாம பாட்டி, அண்ணன், அக்காவெல்லாம் பேசறதையும் சேர்த்துக் கணக்குப் போட்டப்போ அந்தப் பெரிய இடைவெளி அதே மாதிரி வரல. அந்த எண்ணைப் போட்டா பணம் சீக்கிரம் கிடைக்கலாம். ஆனா அதே காகிதத்தைக் கதவோரம் நின்ன அந்த அம்மா படிச்சா, உன் வாயில வார்த்தையே இல்லன்னு நான் சொன்ன மாதிரிதானே இருக்கும். பூனை ஏன் ஒளிஞ்சுதுன்னு விதவிதமா கதை சொன்ன ஆளைப் பத்தி அப்படி எழுத எனக்குக் கை வரல.

போன வருஷம் பட்ஜெட் கமிட்டிக் கூட்டத்துக்கு அந்த போர்டு புக்கை எடுத்துட்டுப் போனேன். பகுதிநேரப் பணியிடத்தை நிரந்தர பட்ஜெட்ல சேக்கணும்ங்கறது என் கோரிக்கை, மூணாவது வருஷமா. தாளெல்லாம் குடுத்து முடிச்சதும் ஒரு உறுப்பினர், பெரியவர், "இதுல பாக்கற மாதிரி என்னம்மா இருக்கு? கட்டடம்னா கட்டடம் நிக்கும், கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர் இருக்கும்"னு கேட்டார், குத்தலா இல்ல, உண்மையாவே புரியாமதான் கேட்டார். நான் புத்தகத்தை அவர் கையில குடுத்தேன். இதைக் கடிச்சவனுக்கு அப்ப எட்டு மாசம்யா, இப்ப நாலு வயசு, செவ்வாய்க்கிழமை வந்து சின்னக் குழந்தைங்களுக்கு அவனே பக்கம் திருப்பிக் காட்டறான், அவங்கம்மாகிட்ட நாங்க பணம் கேட்டிருந்தா அவன் வந்திருக்க மாட்டான், நடத்த ஆள் இல்லாம இருந்த மாசங்கள்ல பிறந்த குழந்தைங்க எத்தனை பேர் வராமப் போனாங்கன்னு என்கிட்ட கணக்கு இல்லன்னு சொன்னேன். அவர் அந்தப் பல்லுத் தடத்துல கட்டைவிரலை வெச்சுக் கொஞ்ச நேரம் தடவிட்டே இருந்தார், அப்புறம் பக்கத்துல இருந்தவர்கிட்ட குடுத்தார், புத்தகம் மேசையைச் சுத்தி வந்துச்சு.

பணியிடம் கிடைச்சுது, அரை நாளுக்கு மட்டும், மூணு வருஷத்துக்கு. புதுசா வந்திருக்கற பொண்ணு நல்லா பாடறா, தரையில உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டேங்கறா. சனிக்கிழமை சாயந்தரம் இன்னொரு கதை நேரம் ஆரம்பிச்சிருக்கோம், வேலைக்குப் போறவங்களுக்காக, நிறைய அப்பாக்கள் வர்றாங்க. மீதி அரை நாளுக்கான விண்ணப்பத்தை இப்ப எழுதிட்டு இருக்கேன், முதல் வரியில சம்பளம்தான் இருக்கு, பொம்மை ஆறாவது வரியில.